யாருடைய காடு? யாருடைய பாடம்?

திறனாய்வு என்றவுடன் கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு புதினம் ஆயிரம் படிகள் விற்றுவிட்டாலே பதிப்பாளர் மனநிறைவு கொள்கிறார். ஆனால் இலட்சக்கணக்கான சிறுவர் சிறுமியர் ஒரே காலத்தில், விருப்பு வெறுப்புக்கு இடமின்றிப் படித்தே ஆக வேண்டிய நூல் ஒன்று உண்டு. அதுதான் பாடநூல். அதற்கு அட்டை போட்டுக் கொடுக்கிறோம். அதிலிருந்து எத்தனை மதிப்பெண் வந்தது என்று கேட்கிறோம். அதில் பேசுகிறவர் யார், பேசப்படுகிறவர் யார், வாய் திறக்காமலே ஓரத்தில் நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்டுப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. ஓர் இலக்கியப் பிரதியை அணுகும் அதே கவனத்தோடு ஒரு பாடநூலை அணுகினால் என்ன தெரியவரும் என்பதை இங்கே பார்க்க முயல்வோம். நாம் எடுத்துக்கொள்ளும் நூல் சுற்றுச்சூழல் பற்றியது. அதனிடம் நாம் கேட்கும் கேள்வியோ சமூகத்தைப் பற்றியது.

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாளையொட்டிப் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடைபெறுவதை நாம் அறிவோம். பரிசு பெறும் படங்களில் பெரும்பாலும் இரு பாதிகள் இருக்கும். ஒரு பாதியில் அழுக்கடைந்த ஆறு, அதன் கரையில் ஒரு குடிசை, துணி துவைக்கும் பெண், கோடரியோடு மரத்தடியில் நிற்கும் மனிதன். மறு பாதியில் பச்சை மரங்கள், பறவைகள், சீரான சாலை, சுவர் எழுப்பிய அழகிய வீடு. தூய்மையான உலகில் குடிசையைக் காணவில்லை. அக்குடிசையில் வாழ்ந்தவர் எங்கே போனார் என்று எவரும் கேட்பதில்லை. படம் வரைந்த பிள்ளையிடம் குற்றம் காண நாம் விரும்பவில்லை. சூழலைக் கெடுப்பவர் ஏழை, காப்பவர் படித்தவர் என்னும் எண்ணத்தை அப்பிள்ளைக்கு யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ என்பதில் பாடநூலுக்கும் நமக்கும் பங்கு உண்டு.

இரு நிகழ்வுகள், ஓர் ஆண்டு

சூழல் கல்வி தொடக்கத்திலேயே இவ்வாறு சுருங்கியிருக்கவில்லை. 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்குப் பின்னர், 1977இல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் சுற்றுச்சூழல் கல்விக்கெனவே அரசுகளின் மாநாடு ஒன்றை யுனெஸ்கோ கூட்டியது. சூழல் என்பது மண்ணும் நீரும் மரமும் மட்டும் ஆகாது. மனிதரின் சமூக, பொருளாதார, பண்பாட்டு வாழ்வும் அதன் பகுதியே என்று அம்மாநாடு வலியுறுத்தியது. ஆயினும் அந்தக் கருத்து வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துபோயிற்று. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, தொடக்கப்பள்ளிச் சூழ்நிலையியல் பாடம் சமூகம் ஒரு நூலாகவும் அறிவியல் மற்றொரு நூலாகவும் பிரிந்து கிடந்தது. ஆறு ஒரு நூலில் ஓடியது; ஆற்றங்கரை மனிதர் வேறொரு நூலில் வாழ்ந்தார்.

1991ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரண்டு நிகழ்வுகள் நான்கு மாத இடைவெளியில் நடந்தேறின. ஜூலையில் புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டு, உலகச் சந்தைக்கு வாயில் திறக்கப்பட்டது. நவம்பர் 22ஆம் நாள், எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. ஆனால் நம் பொருளுக்கு இவற்றின் தொடர்பே முதன்மையானது. பொருளை நுகரும் கை ஓரிடத்திலும், அதன் விலையைத் தன் உடலாலும் நிலத்தாலும் கொடுக்கும் கை வெகு தொலைவில் மற்றோரிடத்திலும் இருக்கும்படி செய்வது உலகமயமாதலின் இயல்பு. அவ்விரு கைகளையும் மீண்டும் ஒரே பார்வைக்குள் கொண்டுவருவதே சூழல் கல்வியின் கடமை. அக்கடமையைச் செய்யாத சூழல் கல்வி, மரம் நடுவிக்கும். ஆனால் காட்டை இழந்தவரைக் காட்டாது.

மடைமாற்றம் செய்த நூல்கள்

இந்தப் பின்னணியில்தான் 'லுக்கிங் அரவுண்ட்' என்னும் பாடநூல் வரிசை நம் கவனத்தைக் கோருகிறது. இந்தியில் இதன் பெயர் 'ஆஸ்-பாஸ்'; அக்கம்பக்கம் என்று பொருள். அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் உருவான 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்காக 2006 முதல் 2008 வரை இந்நூல்களை வெளியிட்டது. தொடக்கநிலைப் பாடநூல்களுக்கான ஆலோசனைக் குழுவின் தலைவராக அனிதா ராம்பாலும், இந்நூல்களின் தலைமை ஆலோசகராக ஃபரா ஃபாருக்கியும் பணியாற்றினர். பிரிந்து கிடந்த அறிவியலும் சமூகமும் இங்கு ஒன்றாக வைக்கப்பட்டன. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் இவை வகுப்பறைகளில் இருந்தன. 2024இல் மூன்றாம் வகுப்புக்கும், 2025இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் புதிய நூல்கள் வந்து இவற்றின் இடத்தைப் பெற்றுக்கொண்டன. ஒரு நூல் பயன்பாட்டிலிருந்து விலகிய பின்னரே அதை அமைதியாக மதிப்பிட முடிகிறது.

ஐந்தாம் வகுப்பு நூலின் இரண்டாம் பாடமே நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. பாம்புகளைப் பற்றிய பாடம் அது. வழக்கமான நூலாக இருந்தால், பாம்பு ஓர் ஊர்வன, அதைக் கொல்லாதீர், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது என்று முடிந்திருக்கும். இங்கோ கல்பேலியா என்னும் பாம்பாட்டி இனத்தைச் சேர்ந்த ஆர்யநாத் என்ற சிறுவன் தன் வாயாலேயே கதை சொல்கிறான். பாம்புகளைப் பற்றி அவன் தாத்தாவுக்குத் தெரிந்தவை, ஊர் மக்களுக்கு அவர் கொடுத்த மருந்து, மகுடி இசைக்குக் கூடிய கூட்டம் எல்லாம் அவன் பேச்சில் வருகின்றன. பிறகு சட்டம் வருகிறது. விலங்குகளைக் கொன்று தோலை விற்றவர் வேறு சிலர். பிழைப்பை இழந்தவர் இவர்கள். இந்த முரணை மாணவர் முன் வைத்துவிட்டு நூல் ஒதுங்கிக் கொள்கிறது. சட்டம் தவறு என்று அது சொல்லவில்லை. நல்ல சட்டமும் ஒருவரின் அடுப்பை அணைக்கக்கூடும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை உணரட்டும் என்று விட்டுவிடுகிறது.

அப்பாடத்தில் நஞ்சுள்ள நான்கு பாம்புகள் குறிப்பிடப்படுகின்றன: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இதே நான்கு பாம்புகள்தாம் நம் செங்கல்பட்டுப் பகுதி இருளர் மக்களின் வாழ்வை மாற்றின என்பதைத் தமிழ் ஆசிரியர் எளிதில் இப்பாடத்தோடு இணைத்திருக்கலாம். பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டபோது இருளர் குடும்பங்களும் நிலைகுலைந்தன. 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில், அவர்கள் பாம்புகளைப் பிடித்து, நஞ்சைச் சேகரித்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து நாடெங்கும் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விலங்கைக் காக்கும் சட்டமும் மனிதரின் பிழைப்பும் எதிரெதிராக நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று. விலக்கப்பட்டவரின் அறிவை மதித்து ஏற்றதனாலேயே இது கைகூடிற்று. உள்வாங்குதல் என்பதற்கு இரக்கம் காட்டுதல் என்பதைவிட ஆழமான பொருள் உண்டு. அவரிடம் கற்றுக்கொள்ள நமக்கு ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே அது.

காடு, அணை, விதை

அந்நூலின் இருபதாம் பாடத்தின் தலைப்பு, யாருடைய காடு என்று கேட்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் குருக் மொழி பேசும் பழங்குடிப் பெண்ணான சூர்யமணி அதன் தலைவி. அவர் கற்பனைப் பாத்திரம் அல்லர், உண்மையில் வாழ்பவர். காட்டில் சருகும் வேரும் பொறுக்கி வாழ்ந்த தம் மக்கள், ஒப்பந்தக்காரரின் வருகைக்குப் பின் அக்காட்டிற்குள்ளேயே அந்நியரானதைச் சிறுமியாக அவர் கண்டார். உதவித்தொகையில் படித்துப் பட்டம் பெற்றார். காட்டைக் காக்கும் மக்கள் இயக்கத்தில் சேர்ந்தார். இருபத்தொரு வயதில் 'தோரங்' என்னும் மையத்தைத் தொடங்கினார். அச்சொல்லுக்குக் காடு என்று பொருள். அங்கே நூலகம் இருக்கிறது. பழைய பாடல்களும் அணிகலன்களும் விழா நினைவுகளும் சேர்த்து வைக்கப்படுகின்றன. படித்த பெண் காட்டை விட்டு நகருக்குப் போவதே முன்னேற்றம் என்று நம் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. இப்பாடத்திலோ படிப்பு அவரைத் தம் மக்களிடமே திருப்பி அழைத்து வருகிறது.

பதினெட்டாம் பாடம் ஜாத்ரியா என்பவரைப் பற்றியது. கேடி என்னும் காட்டுச் சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். அணை கட்டுவதற்காக ஊர் மூழ்கப் போகிறது. அரசு காட்டிய புதிய ஊரான சிந்தூரிக்குப் போகிறார். அங்கே அவருடைய பேச்சையும் உடையையும் ஏளனம் செய்கிறார்கள். பின்னர் மும்பைக்கு வருகிறார். எங்கேயும் அவருக்கு இடமில்லை. அணைகளை நாட்டின் பெருமையாகவே படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. எத்தனை மெகாவாட் மின்சாரம், எத்தனை ஏக்கர் பாசனம் என்பதை மனப்பாடம் செய்தோம். அந்த நீரின் அடியில் எத்தனை ஊர்கள் கிடக்கின்றன என்பது வினாத்தாளில் வரவே இல்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் விளக்குப் பொத்தானை அழுத்தும்போது ஜாத்ரியாவை ஒரு கணம் நினைப்பானேயானால், அந்தப் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது.

பத்தொன்பதாம் பாடத்தில் கதைசொல்லியே ஒரு கம்பு விதை. குஜராத்தில் ஒரு மரப்பெட்டியில் 1940 முதல் பத்திரப்படுத்தப்பட்ட அவ்விதை, தம்ஜிபாய் என்னும் உழவரின் காலத்தையும் அவர் மகனின் காலத்தையும் ஒப்பிட்டுச் சொல்கிறது. பலவகைத் தானியமும் காய்கறியும் விளைந்த நிலம், கால்வாயும் மின்சாரமும் வந்தபின் பருத்தியும் கோதுமையுமாகச் சுருங்குகிறது. விதை கடையிலிருந்து வருகிறது. உரமும் பூச்சிமருந்தும் கடனில் வருகின்றன. எல்லாரும் அதையே பயிரிட்டதால் விலை வீழ்கிறது. பேரன் உழவைக் கைவிட்டு லாரி ஓட்டப் போகிறான். கடனைத் திருப்ப இயலாமல் சிறைசென்ற ஆந்திர உழவர் பற்றிய செய்தியும் அப்பாடத்திலேயே இடம்பெறுகிறது. உலகமயமாதல் என்னும் சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல், அது ஒரு வீட்டு முற்றத்தில் வந்து என்ன செய்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன பாடம் அரிது.

நான்காம் வகுப்பு நூலில் தண்ணீரைப் பற்றிய பாடமும் இவ்வகையினதே. தண்ணீரைச் சேமிப்போம் என்ற முழக்கத்தோடு அது தொடங்கவில்லை. மகாராஷ்டிரத்தின் பஜார்காவ் என்னும் ஊரில், குழந்தைகள் நீர்க் கேளிக்கைப் பூங்காவில் ஆடிக் களிக்கிறார்கள். அதே ஊர் மக்களுக்கோ குடிக்கத் தண்ணீர் இல்லை. பல் துலக்கும்போது குழாயை மூடுமாறு அறிவுரை கூறும் பாடங்களை நாம் அறிவோம். குழாயே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவ்வறிவுரை எப்படிக் கேட்கும் என்று சிந்தித்த பாடம் இது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியோடு, யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் இங்கே சேர்ந்துகொள்கிறது.

நூல் தடுமாறும் இடங்கள்

பாராட்டுரையோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வு ஆகாது. இந்நூல்களிடம் மூன்று குறைகளையாவது நாம் சுட்டிக்காட்ட வேண்டும்.

முதலாவது, நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது. பதினாறாம் பாடம் துப்புரவுப் பணியைப் பற்றியது. இந்த வேலையை யார் செய்வது என்பதே தலைப்பின் கேள்வி. காந்தியடிகளின் ஆசிரமத்தில் விருந்தினர் உட்பட அனைவரும் கழிப்பிடம் தூய்மை செய்த வரலாறும், 1901இல் சிறுவன் அம்பேத்கர் கோரேகானுக்குப் பயணம் செய்தபோது பட்ட இழிவும் அதில் இடம்பெற்றுள்ளன. சூழல் பாடத்தில் சாதியைப் பேசத் துணிந்தமைக்கு இந்நூலை எவ்வளவு போற்றினாலும் தகும். தூய்மை என்னும் சொல் நம் நாட்டில் ஒருபோதும் சாதியிலிருந்து விலகி நின்றதில்லை. ஆனால் பாடத்தின் செயல்பாட்டுப் பகுதி, இத்தகைய வேலை செய்பவர்களைக் கண்டு பேசி வருமாறு மாணவரைப் பணிக்கிறது. அவ்வேலை செய்பவரின் மகள் அதே வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தால் என்ன ஆகும்? தோழியர் எல்லாரும் நோட்டுப் புத்தகத்தோடு அவள் தந்தையைப் பேட்டி காணப் புறப்படும்போது அவள் எங்கே பார்ப்பாள்? நூலாசிரியர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'நாம்' என்று நூல் விளிக்கும்போது அந்தச் சிறுமி அதற்குள் இல்லை. 'அவர்கள்' என்பதற்குள் இருக்கிறாள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அச்சட்டங்கள் அவளுடைய உரிமை என்பதை அவளை நோக்கியே சொல்லும் பாடம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, நூல் சென்று சேர்ந்த இடம். என்.சி.இ.ஆர்.டி. இந்நூல்களைத் தமிழில் வெளியிடவில்லை. தமிழ்நாட்டில் இவை சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலேயே பயன்பட்டன. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியிலும் படித்த பிள்ளைகளுக்கு மாநிலப் பாடத்திட்டமே இருந்தது. ஆகவே காட்டை இழந்தவரையும் நிலத்தை இழந்தவரையும் பற்றிய பாடங்களை நம் மாநிலத்தில் பெரும்பாலும் படித்தவர்கள், அவ்விழப்பிலிருந்து மிகத் தொலைவில் இருந்த வீடுகளின் பிள்ளைகள். அவர்கள் படித்தது நல்லதே. ஆனால் உள்வாங்குதலைப் பற்றிய பாடமே ஒரு வகையான விலக்கலுக்குள் நடந்தது என்பதை மறைக்க இயலாது. அங்கும் வினா-விடைத் துணைநூல்கள் வந்து, ஜாத்ரியாவின் துயரத்தை இரண்டு மதிப்பெண் விடையாக மாற்றின. நிலத்தை விட்டுப் போன மனிதரின் மனநிலையை ஐந்து வரிகளில் எழுதுக என்று கேட்டால், பிள்ளை ஐந்து வரிகளில் எழுதிவிடும். கேள்வி அத்தோடு அடங்கிவிடும்.

மூன்றாவது, தொடர் பாதியில் அறுந்துபோவது. காடு பற்றிய பாடத்தில் ஒடிசாவைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி முதலமைச்சருக்கு எழுதிய கடிதம் வருகிறது. சுரங்கமும் அலுமினிய ஆலையும் தன் மக்களின் நிலத்தை விழுங்குவதை அவள் சொல்கிறாள். உள்ளத்தைத் தொடும் பகுதி. ஆனால் அங்கிருந்து புறப்படும் அலுமினியம் எங்கே போகிறது? யாருடைய சன்னல் சட்டமாகிறது? யாருடைய குளிர்பானக் குவளையாகிறது? நூல் அவளோடு ஊரிலேயே நின்றுவிடுகிறது. பொருள் கடல் கடந்து போகிறது, பாடம் போகவில்லை. உலகச் சந்தையின் காலத்தில் சூழல் கல்வி நடக்க வேண்டிய வழியின் பாதியைத்தான் இந்நூல்கள் நடந்தன என்பது நம் கணிப்பு.

எழுதப்பட வேண்டிய ஒரு பாடம்

மறு பாதி எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். காய்ச்சலை அளக்கும் வெப்பமானி நம் வீடுகளில் எல்லாம் இருந்த பொருள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980-களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் இறக்குமதியாயிற்று, வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. எஞ்சியது மலையில் தங்கியது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதை மக்கள் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளரின் நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் வாதிட்டு வந்தது. இறுதியில் 2016இல், முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பான உடன்பாடு ஒன்று ஏற்பட்டது.

இந்த ஒரு வரலாற்றில் ஒரு பாடத்துக்கு வேண்டிய யாவும் அடங்கியுள்ளன. பாதரசத்தின் இயல்பு அறிவியல். அது ஆவியாகி மூச்சில் கலப்பதும், நீரில் சேர்ந்து மீனில் திரள்வதும் உயிரியல். ஒரு தொழில் ஏன் செல்வ நாட்டிலிருந்து ஏழை நாட்டிற்கு இடம்பெயர்கிறது என்பது பொருளாதாரம். பதினைந்து ஆண்டுகள் மன்றாடி ஓர் உடன்பாட்டைப் பெற்றது குடிமையியல். காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையின் நாவின் அடியில் தொலைநாட்டில் வைக்கப்பட்ட கண்ணாடிக் குழாய்க்கும், அதை நிரப்பிய தொழிலாளியின் நடுங்கும் கைக்கும் இடையிலான உறவு அறநெறி. பழனி மலைச் சாரலில் பள்ளிச் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு நெகிழிப்பை போடாதீர் என்று சொல்லித் தருகிறோம், சொல்ல வேண்டியதே. ஆனால் நெகிழிப்பையை வீசுபவர் கண்ணுக்குத் தெரிகிறார். பாதரசத்தை வீசுபவர் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிபவரை மட்டும் கண்டிக்கும் கல்வி, எளியவரையே எப்போதும் குற்றவாளியாக்கும்.

நமக்கான வினா

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை நாம் அறிவோம். சூழல் நெருக்கடி ஒன்று, சமூக நெருக்கடி மற்றொன்று என இரண்டு இல்லை. இரண்டும் பின்னிய ஒரே நெருக்கடிதான் என்பது அதன் மையக் கருத்து. அதன் இறுதி இயல் சூழல் கல்வியைப் பற்றியும் பேசுகிறது. சூழல் பற்றிப் பேசும் வல்லுநர் பலர் ஏழைகளிடமிருந்து தொலைவில், வசதியான நகரங்களில் வாழ்வதனால் அவர்களை மறந்துவிடுகின்றனர் என்றும் அம்மடல் சுட்டிக்காட்டுகிறது. 'லுக்கிங் அரவுண்ட்' வெளிவந்து ஏழு ஆண்டுகள் கழித்து வந்த மடல் அது. ஒரு சமயச் சார்பற்ற அரசின் பாடநூலும் ஒரு திருச்சபை ஆவணமும் தனித்தனி வழிகளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

அப்படியானால் நம் பள்ளிகளின் நிலை என்ன? நம் மறைமாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகள், வேறெவரும் கதவு திறவாத காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவை. அது நம் பெருமை. அதே வேளையில், நகரங்களில் நாம் நடத்தும் ஆங்கிலவழிப் பள்ளிகளின் சேர்க்கை நாள்களில் வாயிலருகே காத்திருப்போர் யார், உள்ளே அமர்வோர் யார் என்பதையும் நாம் அறிவோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கக் கோரியது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கல்வி நிறுவனங்களின் உரிமை காக்கப்பட்டதில் நாம் மகிழ்ந்தோம். உரிமை என்பது செய்யாமலிருப்பதற்கான அனுமதி ஆகிவிடக்கூடாது. சட்டம் கேட்காததை மனச்சான்று கேட்கும்.

ஏனெனில் சூழல் கல்வியும் சமூக உள்வாங்குதலும் சந்திக்கும் இடம் முதலில் வகுப்பறைதான். மீனவரின் மகனும் வங்கி அலுவலரின் மகளும் அருகருகே அமர்ந்திருக்கும் வகுப்பில் கடல் அரிப்பைப் பற்றிய பாடம் ஒருவிதமாக நடக்கும். வங்கி அலுவலரின் பிள்ளைகள் மட்டுமே இருக்கும் வகுப்பில் வேறுவிதமாக நடக்கும். முன்னதில் ஆசிரியர் சொல்லாததையும் ஒரு பிள்ளை சொல்லும். அவன் வீட்டின் பின்சுவர் சென்ற ஆண்டு எங்கே இருந்தது, இந்த ஆண்டு அலை எங்கே அடிக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் அச்சிட முடியாது. அவன் வகுப்பில் இருந்தால், பேச இடம் கொடுக்கப்பட்டால், அவனே பாடமாகிறான். துப்புரவுப் பணியாளரின் மகளைப் பற்றி நாம் எழுப்பிய கேள்விக்கும் இதில்தான் விடை கிடைக்கும். அவள் தந்தையைப் பற்றி மற்றவர் எழுதிக்கொண்டு வருவதற்கு முன், தான் விரும்பினால், தான் விரும்பிய அளவுக்கு, அவளே பேசத்தக்க மதிப்பை வகுப்பறை அவளுக்குத் தந்திருக்க வேண்டும்.

புதிய பாடநூல்கள் இப்போது பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. அவற்றைப் புகழ்வதற்கோ இகழ்வதற்கோ முன், பெற்றோரும் ஆசிரியருமான நாம் அவற்றை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். மாநிலப் பாடநூல்களையும் அவ்வாறே படிக்க வேண்டும். காட்டைப் பற்றிய பாடத்தில் காட்டு மக்கள் பேசுகிறார்களா? தண்ணீரைப் பற்றிய பாடத்தில் குடத்தோடு நடப்பவர் வருகிறாரா? தூய்மையைப் பற்றிய பாடத்தில் தூய்மை செய்பவருக்குப் பெயர் இருக்கிறதா? நாம் பயன்படுத்தும் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்று எங்கேனும் கேட்கப்படுகிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டாலே போதும். விடை இல்லை என்று தெரியவரும் பக்கங்களில், அவ்விடையைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு வந்து சேர்கிறது.